கஜ்ரிக்கு ஒரு வைக்கோல் பிள்ளை

1

இந்தக் கதை எனக்கு ஓர் எருமையின் பின்பக்கத்திலிருந்து கிடைத்தது. இன்னும் கௌரவமான இடம் ஒன்றைச் சொல்லலாம் என்று பார்த்தேன். "கங்கையில் சூரியன் எழுந்தபோது என் மனத்தில் உதித்தது" என்று எழுதிவிட்டு, நானே சிரித்து, நானே கோடு போட்டு அடித்தேன். காசிதான், ஆனால் எங்கள் சந்திலிருந்து கங்கை தெரியாது. எதிர்வீட்டு லௌட்டன் யாதவின் எருமைதான் தெரியும். அது குறுக்கே நின்றால் சந்து முடிந்தது. மற்றவர்கள் தட்டி விலக்கிவிட்டுப் போவார்கள். எனக்கு எருமையிடம்கூட வழி கேட்க வாய் வராது. நின்றேன். நின்ற நேரத்தில் கதை வந்தது.

2

முதல் தொடக்கம்: "பிரம்மமே மெய், உலகம் பொய்—"

வேண்டாம். இதைப் பக்கத்து மடத்துச் சுவாமிகள் தினமும் ஒலிபெருக்கியில் சொல்கிறார். இலவசமாகக் கேட்பதை யார் படிப்பார்கள்?

இரண்டாவது தொடக்கம்: "கஜ்ரியின் கன்று பிறந்த சில நாளிலேயே செத்துப்போனது."

இது நல்லது. சாவில் தொடங்கினால் வாசகர் எழுந்து போகக் கூச்சப்படுவார்.

கன்று போனதும் கஜ்ரி பாலை மடிக்குள்ளேயே அடக்கிக்கொண்டாள். எருமைகள் அப்படித்தான். பால்காரர்களும் அதற்கு என்றைக்கோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். லௌட்டன் செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்தான், நாலு குச்சியைக் காலாக்கினான், மேலே உப்பைத் தடவித் தாயின் முன்னால் நிறுத்தினான்.* கஜ்ரி நக்கினாள். பால் இறங்கியது.

(* கண் இருந்த இடத்தில் சோடா மூடிகள். அதனால் அது கன்றுக்குட்டி மாதிரி இல்லை, சம்பளம் வராத குமாஸ்தா மாதிரி முழித்தது. கஜ்ரி அதைக் குறையாகச் சொன்னதில்லை.)

3

கதை அஞ்சோரியாவுடையது. லௌட்டனின் மனைவி. கல்யாணமாகி வந்த டிராக்டரில் பிறந்த வீட்டுச் சீராக அவளோடு ஏற்றப்பட்டவள்தான் கஜ்ரி. வழி நெடுக இருவரும் அழுதார்கள். புகுந்த வீட்டில் அவளைப் பிறந்த வீட்டுப் பெயரில் தெரிந்த ஒரே ஆள் அந்த எருமை. இப்போது லௌட்டன் தீர்த்துச் சொல்லிவிட்டான்:

"பால் நின்னுச்சுன்னா மறுநாளே மங்கரு கையில புடிச்சுக் குடுத்துருவேன். சும்மா தின்னுக்கிட்டு நிக்க இதென்ன உங்கப்பன் வீடா?"

மங்கரு மாட்டு வியாபாரி. அவன் ஓட்டிப்போன எருமை எதுவும் திரும்பி வந்ததில்லை.

4

முராரியை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. முதலில் அவனைக் குண்டாக எழுதினேன். பிறகு கண்ணாடி போட்டேன், கழற்றினேன். மிச்சம் இதுதான்: லௌட்டனின் தம்பி. மத்தியானம் முழுக்க மடத்தில் வேதாந்தப் பாடம் கேட்டுவிட்டுச் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புபவன்.

"அண்ணி, இது மகா பாவம். இருட்டுல கயித்தப் பாத்துப் பாம்புன்னு ஒருத்தன் மிரண்டா, வெளக்கு கொண்டுபோய்க் காட்டணும். நீங்க என்னடான்னா கயித்துக்கு உப்பு தடவுறீங்க!"

"வெளக்கு காட்டினா பால் வருமா முராரி?"

"ஞானம் வரும்."

"அத டீக்கடைக்காரன் வாங்குவானாடா?" என்றான் கட்டிலில் கிடந்த லௌட்டன்.

"அண்ணே, உலகமே மாயை."

"அப்ப நீ முழுங்குற ரொட்டி?"

முராரி மென்று முடித்தான். "நடைமுறையில ரொட்டிதான். பரமார்த்தத்துல இல்ல."

"பரமார்த்தத்துல இல்லாத ரொட்டிக்கு ஏண்டா நெய் கேட்ட?"

(வாதத்தில் யார் ஜெயித்தது என்று முடிவு செய்ய முடியவில்லை. நெய் ஜெயித்தது.)

5

நக்கி நக்கிக் கன்றின் வயிற்றுத் தையல் விட்டது. உள்ளே வைக்கோல் மக்கி நாறியது. கஜ்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பால் குறைந்தது. புல்லறுக்கக் கிளம்பிய அஞ்சோரியா கன்றை முராரியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"திணிச்சுத் தச்சு வை. பேச வேண்டாம், தச்சா போதும்."

கன்றை மடியில் கிடத்தியதும் முராரி அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தான். பெற்றவளை ஏமாற்றுவதுதான் ஏமாற்றுகிறோம், பொய்யாவது சுத்தமான பொய்யாக இருக்கட்டும் என்று நினைத்தான். மக்கியதைக் கொட்டிவிட்டுப் புதுக் கோதுமை வைக்கோலாக அள்ளித் திணித்தான். குழந்தை வயிறு ஒட்டியிருக்கக் கூடாதென்று கடுகுப் பிண்ணாக்கும் இரண்டு கை.

காசியில் எந்தப் பால்காரரும் செய்யாத காரியம் இது. கன்றுக்குள் வைப்பது மாடு தின்ன நினைக்காத காய்ந்த பழசாக இருக்க வேண்டும். இதை முராரி வீட்டிலேயே கற்றிருக்கலாம். அந்த நேரத்தில் அவன் மடத்தில் இருந்தான்.

6

சாயங்காலம் அஞ்சோரியா பாத்திரத்தோடு உட்கார்ந்தபோது வானம் குங்குமத்தைக் கரைத்துவிட்டது போல—

(அம்மா வந்துவிட்டாள். தாளைப் பருப்பு டப்பாவுக்குள் தள்ளினேன். திரும்ப எடுத்தபோது வானம் மறந்துபோயிருந்தது. வானம் இல்லாமலே போவோம்.)

பால் குறைந்ததைப் பார்த்து லௌட்டன் சொல்லியனுப்பியிருந்ததால் மங்கருவும் வாசலில் நின்றான். கஜ்ரி கன்றின் நெற்றியை நக்கினாள். முதுகை நக்கினாள். மூக்கு வயிற்றுப் பக்கம் போய் நின்றது. மோந்தாள். தையலைக் கடித்து இழுத்தாள். ஒரு வாய் வைக்கோல் வெளியே வந்தது. மென்றாள்.

"அண்ணி! பெத்த புள்ளையத் திங்கிறா!" என்று அலறினான் முராரி.

"தெரிஞ்சுபோச்சு அவளுக்கு," என்றான் லௌட்டன். "முடிஞ்சுது. மங்கரு, கயிறு கொண்டாந்தியா?"

கன்றின் வயிறு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. அஞ்சோரியா காம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. நெற்றியை எருமையின் விலாவில் முட்டுக்கொடுத்தாள்.

"எல்லாரும் வாய மூடுங்க. ஏ கஜ்ரி, தின்னுடி. தின்னுக்கிட்டே குடுடி என் ராசாத்தி."

7

முடிவு ஒன்று: பால் இறங்குகிறது. வைக்கோல் என்று தெரிந்தும் எப்படிச் சுரந்தாள் என்று கேட்க முராரி மடத்துக்கு ஓடுகிறான். சுவாமிகள், "முதலில் பாலைக் கொண்டுவா" என்கிறார். (சிரிப்பு வருகிறது. ஆனால் சுவாமிகள் கதையைத் திருடிக்கொண்டு போகிறார்.)

முடிவு இரண்டு: பால் இல்லை. மங்கரு கயிற்றைக் கட்டுகிறான். அஞ்சோரியா எழுந்து, அந்தக் கயிற்றை—

இதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை.

முடிவு மூன்று: கஜ்ரி வாய் திறந்து பேசுகிறாள். (அடித்தாகிவிட்டது.)

ஒன்று சொல்லிவிடுகிறேன். அஞ்சோரியா என்று யாரும் இல்லை. முராரி இல்லை. எதிர்வீட்டு எருமைக்குப் பெயரே கிடையாது. அதன் கன்று நன்றாகத்தான் இருக்கிறது, நேற்று எங்கள் துளசியைக்கூடத் தின்றது. நீங்கள் எழுந்து போகலாம்.

போகவில்லையா?

சரி. தகரப் பாத்திரம் காலியாக இருக்கிறது. மங்கரு கயிற்றைப் பிரித்துவிட்டான். கஜ்ரி மெல்லுகிறாள், பாதிக் கன்று போய்விட்டது. அஞ்சோரியாவின் விரல்கள் காம்பில் இருக்கின்றன. முதல் பீச்சு விழுந்தால் தகரம் சத்தம் போடும். அதை நான் எழுதப்போவதில்லை. காதைக் கொடுத்துக்கொண்டிருப்பவர் நீங்கள். கேட்டதா, இல்லையா?