திருப்பிப் போட்ட கண்ணாடி

கீழப்பொழிலில் ஆவணி மாதம் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போட்டோவில் எப்படி விழுகிறார்களோ, அடுத்த ஆவணி வரை அப்படியே இருப்பார்கள். ஊரில் ஸ்டூடியோ ஒன்றுதான். அதை நடத்தும் நெல்லையப்பனிடம் பழைய லென்ஸ்கள் இரண்டு உண்டு.

ஜெர்மன் லென்ஸில் எடுத்தவர்களின் புருவ முடியைத் தெருக்கோடியில் நின்றே எண்ணிவிடலாம். ரஷ்ய லென்ஸில் எடுத்தவர்கள் கொஞ்சம் கரைந்தாற்போல் இருப்பார்கள். முடி எங்கே முடிகிறதென்று தெரியாமல் சலூன்காரர் அவர்களுக்கு உத்தேசமாக வெட்டுவார். கொசுவும் உத்தேசமாகத்தான் கடிக்கும். எது நல்லது என்று டீக்கடையில் வருஷம் முழுக்க வழக்கு நடக்கும். தீர்ப்பு வந்துவிட்டால் டீ விற்காது என்பதால் யாரும் அவசரப்படுவதில்லை.

தையல்காரி ஆவுடையம்மாளுக்கு இந்த வழக்கில் ஈடுபட நேரமில்லை. பதினோரு வருஷமாக ஜெர்மன் லென்ஸ்தான். விரல் தெளிவாக இருந்தால்தான் ஊசியில் நூல் ஏறும், அடுப்பில் உலை ஏறும். ஆனால் அந்தத் தெளிவைப் பார்த்து ஓர் ஒற்றைத் தலைவலியும் வந்து சேர்ந்தது. இடது நெற்றிப்பொட்டு எங்கே இருக்கிறதென்று அதற்குத் துல்லியமாகத் தெரியும். காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்து போகும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொன்னவர் ஜெர்மன் லென்ஸ்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

"இன்னொரு வருஷம் இதோட மல்லுக்கட்ட முடியாது அண்ணாச்சி," என்றாள் இந்த ஆவணியில். "கை தெளிவா இருக்கணும். தலை மங்கலா இருந்தாப் போதும்."

"கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசையா?" என்றார் நெல்லையப்பன். "பழைய லென்சு எல்லாம் நடுவுலதான் தாயி ஒழுங்கா இருக்கும். ஓரம் இன்னும் மங்கும். மூஞ்சி நடுவுல, கை ஓரத்துல. நீ கேக்கது நேர் எதிரு."

"அப்போ கைய நடுவுல வச்சு எடுங்க."

"மூஞ்சி ஓரத்துல விழுந்தா நீயும் ஓரமாத்தான் இருப்ப. நம்ம தபால்காரர் போன வருஷம் பூரா செவத்த ஒட்டியே நடந்தாருல்லா?"

ஆவுடையம்மாள் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சரி, ரஷ்யாவையே போடுங்க. ஒரு வருஷம் தைக்காட்டா என்ன, கஞ்சியக் குடிச்சிக்கிடுதேன்."

ஆடி முடிந்ததும் லென்ஸ்களைக் கழற்றிச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நெல்லையப்பன் வழக்கம். பூஞ்சை அப்படித்தான் போகும். இந்தத் தடவை ரஷ்ய லென்ஸைத் துவட்டி மாட்டும்போது முன் கண்ணாடியைத் திருப்பிப் போட்டிருந்தார்.

போட்டோ வந்தது. நடுவில் முகம் சோற்றுப்பானை ஆவி போல இருந்தது. இரண்டு ஓரங்களிலும் பத்து விரல்கள், ரேகை ரேகையாக, நகக்கண்ணில் ஒட்டிய நூல் பிசிறு உட்பட.

"தப்பாயிட்டம்மா. வேற எடுக்கேன்."

அவள் போட்டோவைப் பையில் போட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி. அந்தக் கண்ணாடியத் தொடாதீங்க." அழுதாள். கண்ணீர் உத்தேசமான இடத்திலிருந்து வந்தது.

மறுநாள் முதல் தடவையிலேயே ஊசியில் நூல் ஏறியது. சரியாகப் பத்து மணிக்குத் தலைவலி வந்தது. நெற்றிப்பொட்டைத் தேடி அவள் முகத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. கிடைக்காமல் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆவுடையம்மாளுக்கு அதன்மேல் கோபமே வரவில்லை. பதினோரு வருஷத்தில் ஒருநாள் தவறாமல் அவளைப் பார்க்க வந்தது அது ஒன்றுதான். உறவுக்காரர்கள் கல்யாணத்துக்குச் சட்டை தைக்க மட்டும்தான் வருவார்கள். வாசற்படியில் இருந்த தலைவலிக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தாள். குடித்துவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காமல் அது கையை நீட்டியது. அவள் ஒரு பள்ளிக்கூடச் சட்டையையும் ஊசியையும் கொடுத்தாள். எங்கே குத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பதெல்லாம் அதுதான்.

அடுத்த ஆவணியில் தலைவலியையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனாள். காஜா எடுக்கிற கை ஆயிற்றே, ஜெர்மன் லென்ஸ்தான் சரி என்றாள். நெல்லையப்பன் அதை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"நாடியக் கொஞ்சம் நிமித்துங்க."

அது நிமிர்த்திக்கொண்டது.