சோளகத்துக்கு எதிராக நாற்பத்திரண்டு மீற்றர்

2023 யூலை பத்தொன்பதாம் திகதி, புதன்கிழமை, முற்பகல் பத்தே முக்காலுக்கும் பதினொன்றரைக்கும் இடையில், கடலோர ஊரான மணற்காட்டின் மூன்றாவது மணற்குன்று பதினேழு மாணவிகளைச் சுமந்தபடி, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்கு எதிராக நாற்பத்திரண்டு மீற்றர் நகர்ந்தது. அன்று சூடை மீன் மலிவு. கடல் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது. மாணவிகள் கரவெட்டிப் பக்கத்திலிருந்து வந்த உயர்தரப் புவியியல் வகுப்பினர். பாலைவன நிலவுருவங்கள் என்ற பாடத்துக்குக் களப்பயணம் போக அவர்களின் ஆசிரியை மீனாம்பிகை பஸ் கேட்டபோது, யாழ்ப்பாணத்தில் ஏது பாலைவனம் என்று அதிபர் சிரித்தார். "பாலைவனம் தேவையில்லை, சேர். மணலும் காற்றும் இருந்தால் காணும்," என்று சொல்லி, மூன்று கிழமை விடாமல் கேட்டு, மீனாம்பிகை பஸ்ஸை வாங்கிக்கொண்டார்.

குன்று பிறை வடிவில் கிடந்தது. தென்மேற்கே காற்றைப் பார்த்த முதுகு சரிவாகவும், வடகிழக்கே கடலைப் பார்த்த வயிறு செங்குத்தாகவும் இருந்தன. மாணவிகள் முளைக்கம்புகள் அடித்து, நாடா பிடித்து அளக்கத் தொடங்கியபோது, உட்புறப் பாதையால் ஒரு டிப்பரும் அதன் பின்னால் மண் அள்ளும் இயந்திரமும் வந்தன. ஒப்பந்தக்காரரின் ஆள் இறங்கி ஒரு கடிதத்தை நீட்டினான். அந்த இடத்தில் இயற்கை மணற்குன்று எதுவும் இல்லை, குவிந்து கிடக்கும் மண் மட்டுமே உண்டு, அதை அகற்றலாம் என்று அதில் இருந்தது. குன்றுக்கும் கடலுக்கும் இடையில் குடியிருந்த மீனவர் அடைக்கலநாதன் ஓடிவந்து கடிதத்தை வாசித்தார். 2004 இல் கடல் ஊருக்குள் வந்த காலையில் அவரின் மனைவி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஏறி நின்றது இந்தக் குன்றில்தான். அதை அவர் சொன்னார். கடிதத்தில் அது இல்லை என்று அந்த ஆள் பதில் சொன்னான்.

மீனாம்பிகை கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு மாணவிகளிடம் திரும்பினார். "பிள்ளையள், இல்லாத குன்றாம். ஏறி இருந்து அளவுங்கோ," என்றார். பதினேழு பேரும் உச்சியில் வரிசையாக அமர்ந்தார்கள். டிப்பரை ஓட்டி வந்த தம்பிஐயா, அந்த வரிசையின் நடுவில் தன் தமையன் மகள் தர்சிகா இருப்பதைக் கண்டு டிப்பரை நிறுத்தினார்.

"பிள்ளை, இறங்கு. எனக்கு வேலை போயிடும்."

"ஏலாது, சித்தப்பா. இன்னும் அளந்து முடியேல்லை."

"எப்ப முடியும்?"

"நீங்கள் போனாப்பிறகு."

ஒப்பந்தக்காரரின் ஆள் மண் அள்ளும் இயந்திரத்தை முன்னே எடுக்கச் சொன்னான். அப்போதுதான் குன்று எழும்பியது. மாட்டுக்கு முதுகு சிலிர்ப்பதுபோல ஒரு அசைவு, அவ்வளவுதான். பிறகு சீராக, காற்றைக் கிழித்துக்கொண்டு தென்மேற்கே நடந்து, உட்புறப் பாதையின் மேல் ஏறி அமர்ந்தது. ஓட்டியவன் குதித்து ஓட, இயந்திரம் கை மட்டும் வெளியே தெரியப் புதைந்தது. டிப்பருக்குள் மணல் வாசல்மட்டம் வந்தபோது தம்பிஐயா இறங்கி நடந்தார். அவரின் செருப்பு மட்டும் உள்ளே நின்றுவிட்டது. உச்சியிலிருந்து ஒரு பிள்ளையும் விழவில்லை. இரண்டு பேருக்குத் தலை சுற்றியது. தர்சிகா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறித்தாள். மற்றவர்கள் கடைசி வரை நாடாவை விடவில்லை.

இயந்திரம் புதைந்ததைப் பற்றி ஆவணியில் விசாரணை வைத்தார்கள். வெயிலில் கண் மயங்கியது என்று எழுதித் தந்தால் விசயம் முடிந்துவிடும் என்று விசாரிக்க வந்த அதிகாரி தன்மையாகத்தான் சொன்னார். மீனாம்பிகை களக்குறிப்பை மேசையில் வைத்து, அளந்ததை அழிக்கத் தன்னால் முடியாது என்றார். பதினேழு பேரும் அதையே சொன்னார்கள். கடைசியாகத் தம்பிஐயாவைக் கூப்பிட்டார்கள். அவருக்குப் புதிய டிப்பர் தருவதாக ஒப்பந்தக்காரர் முதல்நாள் வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தார். தம்பிஐயா எழும்பி நின்று, "நான் ஓட்டினது டிப்பர், ஐயா. அது குன்றுதான். நடந்தது. என்ரை பிள்ளை மேலை இருந்தவள், நான் வடிவாப் பார்த்துக்கொண்டு நிண்டனான்," என்றார். அதிகாரி அதை எழுத்துக்கு எழுத்து பதிந்துகொண்டார்.

மீனாம்பிகைக்குத் தீவகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் வந்தது. அவர் காலையில் இரண்டு பஸ்ஸும் ஒரு வள்ளமும் ஏறிப் போய்வந்தார், ஒரு நாளும் பிந்தவில்லை. தம்பிஐயா டிப்பரை விட்டு நெல்லியடியில் ஓட்டோ ஓட்டினார். தர்சிகா பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள். ஒப்பந்தக்காரர் வெவ்வேறு கடிதங்களுடன் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் குன்று அவர் வந்த பாதையில் போய் இருந்தது. நான்காம் முறை அவர் வரவில்லை. இப்போது மணற்காட்டில் அது நகரும் நாள்களில் வலைகளைச் சுருட்டி வைத்து வழி விடுகிறார்கள். பஸ் தரிப்பிடத்தை இரண்டு தரம் மாற்றியாயிற்று, ஒருவரும் முறையிடவில்லை. தீவகத்திலிருந்து புதிய வகுப்புடன் மீனாம்பிகை வந்து இறங்கும்போது, குன்று எங்கே என்றுதான் முதலில் கேட்பார். அடைக்கலநாதன் கையை நீட்டி, "இண்டைக்குப் பனையளுக்கு அங்காலை நிக்குது, ரீச்சர். மெல்லப் போங்கோ, இப்பத்தான் வந்து இருந்தது," என்பார்.