புடவைக் கடை வாசலில் மாசிலாமணி

புடவைக் கடை என்றாலே காத தூரம் ஓடும் மனுஷன் மாசிலாமணி. அவர் திடீரென்று சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கடைக்குக் கடை நின்று புடவைகளை ரசிக்க ஆரம்பித்ததும் விசாலாட்சிக்குத் தலைகால் புரியவில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு அவருடைய இதயத்தில் புது வால்வு வைத்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. வால்வோடு ரசனையையும் சேர்த்து வைத்துவிட்டார்கள் என்று பிடோக்கில் தங்கள் பக்கத்து வீட்டு ஷபானாவிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு தேக்கா மார்க்கெட்டுக்குப் போகும் வழியிலும் நின்றார். ஒரு கடைக் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு, "அந்த மாம்பழக் கலர் உனக்கு எடுப்பா இருக்கும் லா" என்றார்.

விசாலாட்சி எட்டிப் பார்த்தாள். உள்ளே வரிசையாகக் குக்கர்கள்.

திரும்பி அவரைப் பார்த்தாள்; முகம் வியர்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "எத்தனை நாளா மூச்சு வாங்குது?"

"சொன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவ. வால்வு கெட்டுப்போச்சுன்னா இந்தத் தடவ நெஞ்சையே பொளந்துடுவாங்க, விசாலம்."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. பாவி மனுஷன், பயத்தைக்கூடத் தனியாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாளே இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் சுதா சிரித்தார். "வால்வு நல்லா வேலை செய்யுது அங்கிள். ஆனா பழைய வால்வு சுருங்கிக் கெடந்தப்ப, இதயம் பல வருஷம் முட்டி முட்டித் தள்ளியிருக்கு. அதுல தசை தடிச்சு இறுகிப்போச்சு. அமுக்குது, அப்புறம் சரியாத் தளர மாட்டேங்குது. தளர்ந்தாத்தானே ரத்தம் உள்ள எறங்கும்? இல்லன்னா நுரையீரல்ல தேங்கி மூச்சு வாங்கும்."

"இவருக்கே தளரத் தெரியாது டாக்டர். இதயத்துக்கு எப்படித் தெரியும்?"

"மறைச்சா மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிதான் ஆன்ட்டி. மாத்திரை, உப்பக் குறைக்கணும், பிரஷர் ஏறக் கூடாது, மெதுவா நடக்கணும். கொஞ்சம் கொஞ்சமாத் தளரலாம். முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது."

அன்றோடு கருவாடு வீட்டைவிட்டு வெளியேறியது. நடை மட்டும் நிற்கவில்லை. இப்போதெல்லாம் அவர் முகம் மாறுவதற்குள் விசாலாட்சியே ஏதாவது கடை வாசலில் நின்றுவிடுவாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், கூட்டத்துக்கு நடுவே ஒரு கடை வாசலில் மாசிலாமணி சட்டென்று நின்றார். விசாலாட்சி பதறி அவர் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"இல்லையே" என்றார் அவர், கண்ணாடிக்குள் தொங்கிய மாம்பழக் கலரிலிருந்து கண்ணை எடுக்காமல். "புடவையத்தான் பாக்குறேன்."