அத்தையின் சீட்டுக்கு அடியில்

என் வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்தச் சீட்டில் கண்ணம்மாள் அத்தை உட்கார்ந்திருந்தார். பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வரும். அன்றைக்கு அவர் வண்டிக் கூரை மேல் ஏறி உட்கார்ந்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலத்துக்கு எனக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். பார்க்க என்ன இருக்கிறது? வெண்பாவை நான் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்தாலும் பெரியவர்கள் வந்து தட்டு வைத்துப் பேசினால்தான் அவள் அப்பா மாயவன் சம்மதிப்பார். எனக்குப் பெரியவர் என்றால் அத்தைதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தவர். அவரை மீறி எனக்குக் கல்யாணம் கிடையாது. அவருக்கோ சகுனம் என்றால் உயிர். பெரியப்பா மகனுக்குப் பெண் பார்க்கப் போன கார் வழியில் பஞ்சர் ஆனதும், அத்தனை பேரையும் பாதி வழியில் திருப்பிக் கூட்டிவந்த புண்ணியவதி.

அப்படிப்பட்டவரின் காலடியில் என் வண்டி ஒழுக ஆரம்பித்தது.

தப்பு என்னுடையதுதான். முந்தின நாள் நானே வாட்டர் பம்ப்பை மாற்றினேன். அதில் ஒரு போல்ட்டு, எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் பாதை வரை போகும். மரையில் பசை தடவாமல் மாட்டினால் மரை வழியாகவே தண்ணீர் கசியும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. பசை தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகச் சோம்பல். இறுக்கினால் நிற்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது.

“பாரி, கீழ என்னடா இப்படிச் சுடுது?”

“வெயிலுங்க அத்தை.”

“வெயிலு மேலருந்துல்ல அடிக்கும்?”

பின் சீட்டில் திருமால் பெரியப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பூக்கடையைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினேன். “பொண்ணுக்குப் பூவு நீங்களே பாத்து வாங்குங்க அத்தை” என்று இருவரையும் இறக்கிவிட்டேன். அவர்கள் திரும்புவதற்குள் சீட்டைத் தூக்கி, ஒளித்து வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ரேடியேட்டர் டப்பாவில் ஊற்றி, சீட்டைப் போட்டு, ஆவி பட்ட முகத்தைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றேன்.

அடுத்து டீ குடிக்கலாம் என்று நிறுத்தினேன். அதற்கடுத்து ஐயனார் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். கோயில் பக்கம் போயே பழக்கமில்லாத நான் அப்படிச் சொன்னதும் பெரியப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அங்கே ஸ்பேனர் போட்டு அந்தப் போல்ட்டை இறுக்கிப் பார்த்தேன். கசிவு கூடியது. இன்னும் முறுக்கினால் மரை போய்விடும், பிறகு வண்டி அங்கேயே படுத்துவிடும். தண்ணீர் பாட்டிலைச் சீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டு நிமிர்ந்தேன். அத்தை கோயில் மரத்தடியில் நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். விருத்தாசலத்தில் உடைந்த பீங்கான் குவித்திருக்கும் கம்பெனி மதில் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிடம் ஓடினால் வெண்பா வீடு. முள் உச்சியில் நின்றது. சீட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஆவி கிளம்ப, அத்தை காலைத் தூக்கிக்கொண்டார். ஐந்து நிமிடம்தான், ஓட்டிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் கொதிநீர் பீறிட்டால் வெந்துபோவது அத்தையின் கால். நிறுத்திவிட்டேன்.

“எறங்குங்க அத்தை. சகுனமெல்லாம் ஒண்ணும் இல்ல. நாந்தான் போல்ட்டுக்குப் பசை தடவாம மாட்டிட்டேன். காலையிலருந்து ஒழுவுது. நீங்க திரும்பிடுவீங்கன்னு பயந்து சொல்லல.”

அத்தை இறங்கினார். நேராக என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஊதுடா.”

“என்னாது?”

“வாயை ஊதுடான்னா!”

ஊதினேன். மறுபடி ஊதச் சொன்னார். ஊதினேன். அத்தையின் கண் கலங்கிவிட்டது. “ஒன் மாமன் இப்படித்தான்டா. ஒண்ணொண்ணுக்கும் ஒரு சாக்கு வெச்சி வண்டிய நிறுத்துவாரு. பாட்டில ஒளிப்பாரு, வாயைத் தொடப்பாரு. குடிச்சே போய்ச் சேந்தாரு. நீயும் அப்படின்னு நெனச்சி, கோயில்லருந்து மாயவனுக்குப் போன் போட்டுட்டேன். பையன் குடிக்கிறான், பொண்ணு குடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன்டா.”

கோபம் வந்தது. அத்தை மேல் வந்ததா, என் மேலேயே வந்ததா என்று தெரியவில்லை. மாயவனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அத்தை போட்டார், அதையும் எடுக்கவில்லை.

“நேர்ல போயி கால்லயாவது வுழறேன்” என்று அத்தை ஓர் ஆட்டோவை மறித்தார். பெரியப்பா பக்கத்து ஹார்டுவேர் கடையில், குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப் ஒன்றை வாங்கி என் கையில் திணித்துவிட்டு அவரோடு ஏறிக்கொண்டார்.

நான் தனியாக நின்றேன். எஞ்சின் ஆறுவதற்குள் நூறு விதமாக யோசித்துவிட்டேன். வெண்பா இதை நம்பியிருப்பாளா என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்து குடைந்தது. போல்ட்டைக் கழற்றினேன். மிச்சத் தண்ணீர் சாலையில் ஓடியது. மரையைத் துடைத்து டேப்பைச் சுற்றும்போது போன் அடித்தது. வெண்பா.

“அத்தை வந்திருக்காங்க. அழுவுறாங்க” என்றாள். குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. “வண்டி ஒழுவுதுன்னு அவங்ககிட்ட மொதல்லயே ஏன் சொல்லல?”

“சொன்னா திரும்பிடுவாங்க வெண்பா.”

“திரும்புனா இன்னொரு நாளு வர்றது.”

“இன்னொரு நாளு வருவாங்களான்னு யாருக்குத் தெரியும்? நீ கிடைக்காமப் போயிட்டா நான் என்னா பண்ணுவேன்? நீ இல்லாம என்னால முடியாது வெண்பா” என்றேன். நடுரோட்டில் நின்றுகொண்டு அழுதுவிட்டேன்.

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்” என்றாள் மெதுவாக. “எல்லாரும் இருக்காங்க.”

யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு மாயவனின் குரல் வந்தது.

“போல்ட்ட நல்லா இறுக்கிட்டு வாங்க, மாப்ள.”