கரன்ட் போன ரன்

"மெஷினை நிறுத்துங்க" என்று சொன்னேன்.

ஸ்பீக்கர் போனில் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்த குற்றாலலிங்கம் சார் பாதி வாக்கியத்தில் நின்றார். இந்தப் பக்கம் என் டீம் லீடர் மஹேஷ் சாரின் கை பாய்ந்து மியூட் பொத்தானில் விழுந்தது. அவர் முகம் வெளுத்துப்போனது.

எங்கள் ஆபீசில் கஸ்டமரிடம் கேட்கக்கூடாத ஒரே காரியம் அது. நான் சேர்ந்த அன்றே மஹேஷ் சார் சொல்லித் தந்தார். பதிவு கேட்கலாம், போட்டோ கேட்கலாம், இன்னும் கொஞ்சம் டயம் கேட்கலாம். நிறுத்தச் சொல்லிக் கேட்கப்படாது. "ஓட்டறதும் நிறுத்தறதும் அவா கார்யமாக்கும். நாம பெட்டி விக்கறவா, கேட்டியா" என்றார். டீம் லீடர் ஆனபிறகும் கரமனை அக்ரஹாரத்துப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை.

பெட்டி என்றால் வோல்டேஜ் ரெகுலேட்டர். மின்நிலையத்து ஜெனரேட்டரின் வோல்டேஜ் இறங்கினால் உள்ளே சுழலும் ரோட்டருக்குக் கூடுதல் கரன்ட் அனுப்பும், ஏறினால் குறைக்கும். அதற்குள் ஓடும் ப்ரோக்ராம் கழக்கூட்டத்தில், எங்கள் நாலாம் மாடியில் எழுதியது. பெட்டிக்குக் கணக்குத் தப்பினால் வோல்டேஜ் தாறுமாறாக ஆடும். ஆடினால் ஜெனரேட்டர் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். அதோடு டர்பைன் நிற்கும், டர்பைனோடு உலையும் நிற்கும். ஆழிக்கரை அணுமின் நிலையத்தில் இந்தத் துலாவர்ஷ மழைக்காலத்துக்குள் மூன்று தடவை அப்படி நின்றுபோனது. அங்கே ஷிப்ட் பொறுப்பு குற்றாலலிங்கம் சாருக்கு.

நின்னா நல்லதுதானே என்று என் அம்மை கேட்டாள். நல்லதில்லை. அடுப்பை அணைப்பது மாதிரி இல்லை அது. உலையை நிறுத்தினாலும் உள்ளே சூடு அடங்காது, பம்புகள் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். பம்புக்குக் கரன்ட் வேண்டும். இதுவரை வெளி லைன் கைகொடுத்தது. எகிறுகிற வோல்டேஜ் அந்தப் பம்புகளின் லைனுக்குள்ளேயே புகுந்துவிட்டால் பம்புகளும் நின்றுபோகும். அதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு தடவை நின்றபோதும் பதிவு எங்களுக்கு வரும். லேபில் அங்கே இருப்பதுபோலவே ஒரு பேனல் இருக்கிறது. அதில் அந்த நிமிடங்களைத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். அதைத்தான் ரன் என்கிறோம். மூன்று தடவையும் பெட்டி ஒழுங்காக நடந்துகொண்டது. கோளாறு காணப்படவில்லை என்று மஹேஷ் சார் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலமானால் இடி, இடி வந்தால் கரன்ட் போகும். லேப் யூபிஎஸ் பழசு. லைனிலிருந்து பேட்டரிக்குக் கை மாறும்போது ஒரு சிமிட்டு சிமிட்டும். அப்போது ஓடிக்கொண்டிருந்த ரன்னை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். கரன்ட் போன ரன் செல்லாது. அழித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து புதிதாக ஓட்டுவோம். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும்.

போன வாரம் நான் டீ குடிக்கப் போகவில்லை, அவ்வளவுதான். மாதவிலக்கு வலி, எழுந்திருக்க மனமில்லை. லைட் சிமிட்டியது. பேனலின் மீட்டரில் ரோட்டர் கரன்ட் ஏற ஆரம்பித்தது. இறங்கிவிடும் என்று பார்த்தேன். இறங்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தாண்டி, மேல் வரம்பில் போய் முட்டி நின்றது. மின்சாரம் சிமிட்டிய நொடியில் பெட்டி ஜெனரேட்டரின் வோல்டேஜைத் தப்பாக வாசித்திருக்கிறது. குறைந்துவிட்டது என்று நினைத்து ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் யாரும் இல்லாத நேரம் யூபிஎஸ் சுவிட்சை நானே தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஏறியது.

குற்றாலலிங்கம் சாரிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். மூன்று தடவையும் நிற்கும்போது அங்கே என்ன வேலை நடந்துகொண்டிருந்தது? நிலையத்தின் சொந்தச் செலவுக்கான மின்சாரத்தை ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாற்றும் வேலை என்றார். மாற்றும்போது ஒரு சிமிட்டு இருக்கும், அது எப்பவும் உள்ளதுதானே என்றார். எங்கள் லேபில் நான் பார்த்த அதே சிமிட்டு.

மஹேஷ் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "கரன்ட் போனா உங்காத்து மிக்ஸியும்தான் நின்னுபோறது. அதுக்கு மிக்ஸி கம்பெனி மேல கேஸ் போடுவியோ?" யூபிஎஸ்ஸை மாற்ற எழுதிப்போடச் சொன்னார். ரெகுலேட்டரைப் பற்றி எழுத விடவில்லை.

இன்று காலை ஆழிக்கரையில் மெஷினைத் திரும்ப ஓட்டிவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு லைன் மாற்றப் போகிறார்கள்.

என் அண்ணன் சுஜித் அங்கேதான் வேலை செய்கிறான். ஐடிஐ முடித்துவிட்டுக் கான்ட்ராக்டில் போனான். ஒரே இடத்தைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளலாமே என்று ஆபீசில் ஆழிக்கரைப் பெட்டியின் வேலையை நான் கேட்டு வாங்கினேன். ரோட்டருக்குப் போகும் கரன்ட் முழுக்கக் கார்பன் பிரஷ் வழியாகத்தான் போகும். தேய்ந்த பிரஷ்ஷை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றவேண்டும், அது அவன் வேலை. அதற்கென்று ஒரு இடுங்கிய அறை. உள்ளே போகிறவனுக்கு முன்னால் இரும்பு வளையம் சுற்றிக்கொண்டிருக்கும், முதுகுக்குப் பின்னால் சுவர். ரெகுலேட்டர் வரம்புவரை ஊட்டினால் அந்த வளையத்தைச் சுற்றித் தீ ஓடும். படித்திருக்கிறேன். கல்லூரியில் அதற்கு ஐந்து மார்க்.

மத்தியானம் அவனைக் கூப்பிட்டேன். காரணத்தைச் சொன்னேன். லீவு போட்டுட்டு ரூமுக்குப் போ அண்ணே என்றேன்.

"ஏட்டி, நான் போனா எனக்குப் பதிலா பிச்சைக்கனியண்ணன் உள்ள போவும்" என்றான். "அதுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய. அதுக்கும் ஒரு தங்கச்சிய இன்ஜினியருக்குப் படிக்க வைக்கச் சொல்லட்டா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். பிறகு குரலை இறக்கினான். "நெசமாவே அவ்வளவு மோசமா?" என்று கேட்டான். ஆமா என்றேன். மணியடிக்கு, போறேன் என்று வைத்துவிட்டான்.

அதனால்தான் மூன்று மணிப் பேச்சில் அந்த வார்த்தை என் வாயில் வந்தது.

மஹேஷ் சார் மியூட்டை எடுத்தார். குரலில் பட்டுப்போல ஒரு சிரிப்பு. புதுப் பொண்ணு சார், லேப் விஷயத்தை இங்கே சொல்லிட்டா, நீங்க ஷெட்யூல்படி போங்கோ என்றார். நான் மேஜைமேல் குனிந்து, போனின் வாய்க்கு நேராகச் சொன்னேன். லைன் மாத்தும்போது ரெகுலேட்டர் கண்ட்ரோல் விட்டுப் போகுது சார், எங்க லேப்ல ஒவ்வொரு தடவையும் போச்சு, மாத்தாதீங்க, மெஷினை இறக்குங்க.

அங்கே ஒரு கதவு சாத்தப்பட்டது, டர்பைன் இரைச்சல் குறைந்தது.

"அன்னிக்குப் போன்ல கேட்டது நீதானா? உன் பேர் என்னம்மா?" என்றார் குற்றாலலிங்கம் சார்.

"ஸ்வப்னா."

"ஸ்வப்னா, உங்க கம்பெனி கோளாறு இல்லேன்னு மூணு தடவ எழுதித் தந்திருக்கு. வாய்ச்சொல்லுக்கு நான் யூனிட்ட இறக்க முடியாது. எழுத்துல ஒருத்தர் பேர் போட்டுத் தாங்க. நாலு மணிக்கு முன்னால வந்தா நிறுத்துவேன்."

மஹேஷ் சார் போனைத் துண்டித்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டி நுனியில் துடைக்கிற மாதிரி சட்டை நுனியில் துடைத்தார். "மூணு ரிப்போர்ட்லயும் என் கையெழுத்துன்னு உனக்குத் தெரியுமோ இல்லையோ?" என்றார் மெதுவாக. வீட்டு லோனைப் பற்றி, மகள் பத்மப்ரியாவின் மெடிக்கல் சீட்டைப் பற்றிச் சொன்னார். அடுத்த மாச ப்ரோக்ராமில் சத்தமில்லாமல் சரிபண்ணிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். அப்போதுதான் புரிந்தது. என்னை நம்பாமல் இல்லை அவர். நம்புகிறார். போன வாரமே நம்பியிருக்கிறார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"அடுத்த மாசம் இல்ல சார். நாலு மணி."

"உன் அப்பா சாலைக் கம்போளத்துல மூட்டை தூக்கறவர். இந்த வேலை போனா உனக்கு இன்னொண்ணு யாரு தரப்போறா? கஸ்டமருக்கு நேரா எழுதினா வேலை போறதோட நிக்காது. நீ கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்ட்ல கேஸ் போடற வரி இருக்கு, படிச்சியோ?"

படித்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்த மாதிரிக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லா வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

"ஒரு நிமிஷம் லேபுக்கு வாங்க" என்றேன்.

ஏன் வந்தார் என்று தெரியவில்லை, வந்தார். பேனலில் ஆழிக்கரையின் இன்றைய நிலையை ஏற்றினேன். எல்லா முட்களும் நடுவில், அசையாமல் நின்றன. அவரை மீட்டருக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கச் சொன்னேன். யூபிஎஸ் சுவிட்சைத் தட்டி, உடனே திரும்பப் போட்டேன். லைட் ஒரு சிமிட்டு சிமிட்டியது.

முள் ஏறியது. முதலில் மெதுவாக, தயங்குவதுபோல. பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல. அலாரம் வீரிட்டது. ஜெனரேட்டர் வோல்டேஜ் மேலே போய், கீழே விழுந்து, முன்னைவிட மேலே போனது. அங்கே ஜெனரேட்டர் இல்லை, தீ இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள் மட்டும்தான். ஆனாலும் மஹேஷ் சார் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய்ப் பின்வாங்கினார். மேஜையில் இடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க பின்னால போனீங்க" என்றேன். "அங்க நிக்கிறவனுக்குப் பின்னால சுவரு."

அவர் கைகளை இறக்கினார். மூச்சு வாங்கியது. அலாரத்தை நிறுத்தினார். பேனலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் பேர் போட்டு எழுதினால் அங்கே மறுபேச்சு இருக்காது.

"நீ கையால கரன்ட்டை ஆஃப் பண்ணினே" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "இந்த ரன் செல்லாது, ஸ்வப்னா."

கை நீட்டி அழிக்கும் பொத்தானை அழுத்தினார். முட்கள் திரும்ப நடுவுக்கு வந்தன.

அவர்மேல் வந்த கோபம் பயத்துக்குமேல் ஏறி நின்றது. ஆனாலும் பயம் போகவில்லை. குற்றாலலிங்கம் சாருக்கு என் போனிலிருந்து நானே அனுப்பப்போகும் கடிதத்தின் முதல் வரி ஏற்கெனவே தலைக்குள் இருந்தது. என் பேர், என் படிப்பு, நான் பார்த்தது, மாற்றாதீர்கள். கீழே போவதற்குள் மிச்சமும் வந்துவிடும்.

கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றிப் பேனல்மேல் வைத்தேன். ஸ்வப்னா, நில்லு என்றார் மஹேஷ் சார். லிப்ட் ஏதோ மாடியில் மாட்டிக்கொண்டிருந்தது. படியில் இறங்க ஆரம்பித்தேன்.