வெட்டாத தொடை

இடம்பெயர்ந்து ஓடிவருகிற சனம் எதைத் தூக்கிக்கொண்டு வரும்? நகை, காணி உறுதி, தையல் மெஷின். றோஸ் தெல்லிப்பழையிலிருந்து கேக்கும் இறைச்சியும் வேகவைக்கிற தன்னுடைய தகரப் போறணையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தாள். பெரிய பிஸ்கற் ரின் அளவுதான் இருக்கும். அடியில் ஒரு கரித்தட்டு, மூடியிலும் கரி போட விளிம்பு, இரண்டு பக்கமும் பிடி. புத்தூரில் பனங்காணிக்குள் தறப்பாள் கட்டி இருந்த ஏழு குடும்பமும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக் கொஞ்சமல்ல. புருஷன் ஏர்னெஸ்டுக்கும் வெட்கம்தான். ஆனால் அந்த மனிசியிடம் வாய் கொடுத்து மீண்டவர் எவர்?

தொண்ணூற்றியோராம் ஆண்டு நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முகாமில் எல்லாரும் சேர்ந்து பங்குக்கு ஆடு அடித்தார்கள். பங்கு ஆடு என்றால் தசை, எலும்பு, ஈரல், குடல் எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக வெட்டி, ஓலையில் கூறு கூறாகப் போட்டு, ஒருவருக்கும் கூடாமல் குறையாமல் கொடுக்கவேண்டும். வெட்ட நின்றவர் சிமியோன். முகாமில் நிவாரணம் பங்கிடுகிறவரும் அவர்தான். நியாயமான மனிதர், அதனாலேயே பிடிவாதக்காரர். பின்தொடையை மரக்குற்றியில் வைத்து அவர் கத்தியை ஓங்கினபோது றோஸ் குறுக்கே வந்து நின்றாள். அந்தத் தொடை முழுசாக வேண்டும், போறணையில் வைத்து றோஸ்ற் செய்யப்போகிறேன் என்றாள்.

சிமியோனுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அகதி முகாமில் துரை வீட்டுச் சாப்பாடு கேட்குதோ, ஒருத்திக்குத் தொடை மற்றவர்களுக்குக் குடலோ என்று கேட்டார். நாலு பேர் ஒத்து ஊதினார்கள். றோஸ் தொடையின் மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

"எனக்கு மட்டும் இல்லை அண்ணை, எல்லாருக்கும்தான். ஒண்டரை வருசமாய் வரிசையிலை நிண்டு கையை நீட்டி வாங்கிச் சாப்பிடுறம். நத்தாரண்டைக்கும் கூறு வாங்கத்தான் நிக்கவேணுமோ? ஒரு நாளைக்கு எண்டாலும் விருந்து சாப்பிடுவம். வெட்டுறதெண்டால் என்ரை கையோடை சேத்து வெட்டுங்கோ."

கத்தி இறங்கவில்லை. அதற்காகச் சிமியோன் சும்மா விடுகிற ஆளா? சரி, கொண்டுபோ, ஆனால் கருகினாலும் வேகாவிட்டாலும் இத்தனை பேரின் நத்தாரைப் பாழாக்கினவள் நீதான், பிறகு ஒருவர் முகத்திலும் முழிக்கமாட்டாய் என்றார். ஓம் என்றாள் றோஸ். தொடையைத் தூக்கிக்கொண்டு போறணையடிக்குப் போனாள்.

உள்ளிப்பூண்டு, மிளகு, கடுகு அரைத்து, வினாகிரி விட்டு, தொடையைக் குத்திக் குத்தித் தேய்த்தாள். சுற்றிவர உருளைக்கிழங்கு அடுக்கினாள். சிரட்டைக் கரி அடியில் கொஞ்சம், மூடியில் கூட. மேல்நெருப்புத்தான் இறைச்சியைச் சிவக்க வைக்கும். மணம் எழும்பினதும் சிரித்த சனமெல்லாம் ஏதோ அலுவல் இருப்பதுபோல அந்தப் பக்கம் வந்து வந்து போனது. சிமியோனும் வந்தார். வாளி தேடுகிறாராம்.

அந்த நேரம் பார்த்துக் குண்டு போடுகிற பொம்மர் வந்தது. சனம் விழுந்தடித்து, நிலத்தில் வெட்டி வைத்திருந்த பங்கருக்குள் ஓடியது. றோஸ் ஓடவில்லை. கொழுப்பு உருகிச் சொட்டுகிற நேரம், விட்டுவிட்டுப் போனால் ஒன்றில் கருகும், இல்லாவிட்டால் வேகாது. பங்கர் வாசலில் நின்று ஏர்னெஸ்ட் தொண்டை கிழியக் கூப்பிட்டார். நாசமாய்ப் போவான், நேரம் பார்த்து வாறான் என்று வானத்தைத் திட்டிக்கொண்டே அவள் விசிறினாள். பயம் இல்லாமலில்லை. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பங்கருக்குள் போன சிமியோன் திரும்பி ஓடிவந்தார். தன்னை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்துப் போறணையின் ஒரு பிடியில் சுற்றினார்.

"மற்றப் பக்கம் பிடி, தங்கச்சி. என்ரை பங்கும் உதுக்குள்ளை கிடக்கு."

கரித்தட்டை உருவி எறிந்து, மூடியில் இருந்த நெருப்பையும் தட்டிக் கொட்டிவிட்டு, கொதிக்கிற போறணையை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் பங்கருக்குள் இறங்கவும் அச்சுவேலிப் பக்கம் குண்டு விழவும் சரியாக இருந்தது. பனங்குற்றிக் கூரையிலிருந்து மண் கொட்டியது. இருக்கிற சூட்டிலேயே வேகட்டும் என்று றோஸ் ஒருவரையும் மூடியைத் தொட விடவில்லை. பொம்மர் போகிற பாடாயில்லை. கடைசியில் அவள் இறைச்சி வெட்ட ஒரு கத்தி கேட்டாள். பொம்மர் போகட்டும், பிறகு வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றார் ஏர்னெஸ்ட்.

"அவனைக் கேட்டோ நாங்கள் நத்தார் கொண்டாடுறது?"

மூடியைத் திறந்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் கருகல், மற்றப் பக்கம் செக்கச் சிவப்பு. கத்தி தடங்கலில்லாமல் எலும்புவரை இறங்கியது. வெந்துவிட்டது! அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. முதல் துண்டை வெட்டி எடுத்ததும் அரை இருட்டுக்குள் கைகள் நீண்டன. எல்லாவற்றுக்கும் முன்னால் சிமியோனின் கை. அதைப் பார்த்ததும் றோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. குரல் கலங்கவில்லை.

"கையை மடக்குங்கோ எல்லாரும். விருந்துக்கு வந்த ஆக்கள் கை நீட்டுறேல்லை. அப்பிடியே இருங்கோ, நான் கொண்டந்து தாறன்."

கைகள் மடங்கின. மேலே பொம்மர் இன்னொருமுறை தாழப் பதிந்து போனது. றோஸ், யாரோ கையோடு கொண்டுவந்திருந்த வாழையிலையில் துண்டு துண்டாக வைத்து, குனிந்து குனிந்து, ஒவ்வொருவராகப் பரிமாறிக்கொண்டு போனாள்.