அய்யாவுவின் நொண்டிக்கால்

ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோன ஆள்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. குணவதியின் தம்பி குழந்தைவேலுவும் அப்படிப் போனவன்தான். அவன் போன மறுநாளே அவள் புருசன் அய்யாவுக்கு இடது கால் விளங்காமல் போயிற்று.

நொண்டியை ரயில் வேலைக்குச் சீண்டமாட்டார்கள். ஆனால் தோட்டத்துக்கு ஒரு காவல்படை வேண்டும் என்று ஜப்பான்காரன் சொன்னபோது, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தர்மலிங்கம் அவனையே தலைவனாக்கினார். ஆளுக்கொரு மூங்கில் கழி. எதிரி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதில் மட்டும் படைக்குள் ஒற்றுமை இருந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை நாயைக்கூடத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடியவர். அந்த வீரத்துக்கு இது ஒன்றும் குறைச்சலில்லை.

படையைப் பார்வையிட அதிகாரி லாரியோடு வந்தார். லாரி எதற்கென்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. அய்யாவு நொண்டி நொண்டி முன்னே வந்து குனிந்தான்.

அந்த நேரம் பார்த்துச் சடசடவென்று மழை. மழை விழுந்தால் மரத்தில் கட்டிய கோப்பையில் ரப்பர் பால் கெட்டுப்போகும், ஓடிப்போய் எடுக்க வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊறிய பழக்கம். பால்வெட்டு நின்று வருசமாகிறது, கோப்பைகளில் கொசு முட்டையிடுகிறது என்பதெல்லாம் யாருக்கு ஞாபகம்? படை மொத்தமும் கழிகளை வீசிவிட்டு ரப்பர் மரங்களுக்குள் பாய்ந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் அய்யாவு.

காலிக் கோப்பையைக் கையில் எடுத்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. இடது காலை மெல்ல மடக்கிக்கொண்டான். அதிகாரி, ஏறு என்பதுபோல் லாரியைக் காட்டினார்.

"தொடாதீங்கலா! சாமி வந்திருக்கு!" லயத்து வீட்டிலிருந்து குணவதி ஓடிவந்தாள். "மழை விழுந்தா முனீஸ்வரன் எறங்கிருவாரு. சாமி மலையேறுனா பழையபடி நொண்டிதான்!"

அய்யாவு புரிந்துகொண்டு ஆட ஆரம்பித்தான். கிராணி சொல்லக் கேட்ட அதிகாரிக்கும் சாமி பயம் உண்டு போலும், ஓரடி பின்வாங்கிக் கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"சாமி, இங்கேருந்து சயாமுக்கு யாரக் கொண்டு போகலாம்னு தொரை கேக்குறாரு," என்றார் கிராணி.

அய்யாவுக்கு மச்சான் குழந்தைவேலுவின் முகம் நினைவுக்கு வந்தது. அவன் பேரை எடுத்துக் கொடுத்ததே இந்தக் கிராணிதான். விரலை நேரே நீட்டினான்.

"இந்தா, இவனக் கொண்டு போ!"

அதிகாரி விரலைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார். தோட்டத்தில் ஜப்பான் பாஷை தெரிந்தவர் தர்மலிங்கம் ஒருவர்தான். அவருக்கு மழையிலும் வேர்த்தது. நீளமாக ஏதோ சொல்லிக் குனிந்து குனிந்து எழுந்தார்.

லாரி காலியாகவே திரும்பியது.

"என்னங்கய்யா சொன்னீங்க?" என்று கேட்டாள் குணவதி.

"இங்கேருந்து ஒரு ஆள எடுத்தாலும் ரயில் பாலம் விழும்னு சாமி சொல்லுது, அத ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லி என்னையக் கை காட்டுதுன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த நாக்கு, என் தம்பிய ஏத்துன அன்னிக்கும் ஒங்க வாயிலதானேய்யா இருந்துச்சு?" என்றாள்.